பத்து கெஜம் எங்கிருந்து வருகிறது?

போன ஓண விடுமுறைக்கு அக்கா மகன் கொச்சியிலிருந்து மூணாறு வந்திருந்தான். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் இரண்டு வருடமாக கோல்ஃப் பழகுகிறான். காபி குடித்து முடிப்பதற்குள் செல்போனை என் பக்கம் நீட்டினான். ஒரு புது டிரைவரின், அதாவது முதல் அடியைத் தூரமாக அடிக்கும் மட்டையின் விளம்பரம். “முந்தைய மாடலைவிட 12 கெஜம் வரை கூடுதல் தூரம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை ஐம்பதாயிரத்துக்கு மேல்.

“வாங்கலாமா மாமா?”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அப்பா வாரம் முழுக்க எஸ்டேட் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானத்தில் துரைமார்களுக்குப் பை தூக்கும் வேலை என்று இருந்தவர். லயத்து வாசலில் நுனி வளைந்த கிராண்டிஸ் மரக் கம்பை வைத்து, புதருக்குள் போய்த் தொலைந்த பந்துகளை அடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போதும் உறுப்பினரான நண்பர் ஒருவர் மாதம் ஒருமுறை என்னை விருந்தினராக அழைத்துப் போகிறார். அப்பா காலத்து மட்டையிலிருந்து இன்றைய மட்டை வரை கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு அன்று இரவு சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கோல்ஃப் விளம்பரங்களில் வருகிற எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை. எங்கேயோ, யாரோ, எதையோ பக்கத்தில் வைத்து அளந்த எண்கள் அவை. அந்த ‘எங்கே’, ‘யார்’, ‘எது’ மட்டும் விளம்பரத்தில் இருக்காது. ஆனால் வாங்குகிறவனுக்கு அதுதான் முக்கியம்.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மழை நாளில் பறித்த கொழுந்து தராசில் கூடுதலாக நிற்கும். அதனால் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கழிவு போடுவார்கள், சாக்குக்கு ஒரு கழிவு போடுவார்கள். தராசு காட்டிய எண் வேறு, கணக்கில் ஏறும் எண் வேறு. எங்கள் பெண்கள் அந்தக் கழிவு நியாயமானதா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள். மட்டை விளம்பரத்தையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ‘வரை’ என்ற சொல். ஆடி மாதத்தில் ஜவுளிக் கடை வாசலில் ‘50 சதவீதம் வரை தள்ளுபடி’ என்று எழுதியிருப்பார்கள். பாதி விலைக்கு நாலு சேலை ஒரு மூலையில் கிடக்கும், மற்றதெல்லாம் பத்து சதவீதம். ‘12 கெஜம் வரை’ என்பதும் அப்படித்தான். சோதித்தவர்களில் ஒருவருக்கு, ஏதோ ஓர் அடியில் 12 கிடைத்திருந்தாலும் அந்த வாக்கியம் நின்றுவிடும்.

அடுத்தது ‘முந்தைய மாடலைவிட’. இதை வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவர் தூரம் பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. 1993இல் சுமார் 260 கெஜம். 2003இல் சுமார் 286. 2023இல் சுமார் 300. அந்த முதல் பத்து வருடப் பாய்ச்சல் உண்மையானது. பெர்சிமன் மரத் தலைகள் மறைந்து உலோகத் தலை வந்தது. காலவே நிறுவனம் 1991இல் கொண்டுவந்த பிக் பெர்த்தாவின் 190 கன சென்டிமீட்டர் தலையே அன்று பெரிது என்று பேசப்பட்டது. 1995இல் அதே நிறுவனம் டைட்டானியத்தில் 250க்குப் போனது. 2000இன் இறுதியில் டைட்லிஸ்ட் ப்ரோ வி1 போன்ற திட உள்கருப் பந்துகள் வந்தன. எல்லாம் சேர்ந்து தூரத்தைத் தூக்கிவிட்டன. ஆனால் அதற்கடுத்த இருபது வருடங்களில் கூடியது 14 கெஜம். அதிலும் உடற்பயிற்சிக்கும் வேகமான வீச்சுக்கும் பெரும் பங்கு உண்டு. வருடத்துக்கு ஐந்து கெஜம் என்று விளம்பரங்கள் சொன்னது மெய்யாக இருந்திருந்தால்கூட, இன்று அவர்கள் 386 கெஜம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏன் அங்கேயே நின்றுவிட்டது? விதி தடுத்தது. கோல்ஃப் கருவிகளுக்கு விதி வகுப்பவை அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ஆர் அண்ட் ஏவும். மெல்லிய டைட்டானியத் தகடு பந்து மோதும்போது லேசாக உள்ளே அமுங்கி, திரும்பித் தள்ளும். கயிற்றுக் கட்டிலில் குதிக்கிற குழந்தையைக் கட்டில் மேலே எறிகிற மாதிரி. இந்தத் துள்ளலுக்கு யு.எஸ்.ஜி.ஏ. 1998இல் வரம்பு வைத்தது: 0.83. அதாவது மோதும் வேகம் நூறு என்றால் விலகும் வேகம் 83க்கு மேல் போகக் கூடாது. 2004 முதல் இதை வேறு முறையில் அளக்கிறார்கள். ஒரு சின்ன உலோகக் குண்டை ஊசல் போலத் தகட்டின்மேல் மோதவிட்டு, எத்தனை நேரம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சலுகை சேர்த்து 257 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 257 பங்கு. தலையின் கொள்ளளவுக்கும் 460 கன சென்டிமீட்டர் என்று உச்சம் வைத்தாயிற்று.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். பள்ளிக்கூட இயற்பியல்தான். டிரைவர் தலையின் எடை சுமார் 200 கிராம். பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. துள்ளல் 0.83. தலை நேராக நடுவில் மோதினால் பந்தின் வேகம், தலையின் வேகத்தைப் போல 1.83 வகுத்தல் 1.23 மடங்கு. அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அக்கா மகன் மாதிரி மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் தலையை வீசுகிறவனுக்குப் பந்து 216 கிலோமீட்டரில் கிளம்பும். தகட்டைக் கார்பனில் செய்தாலும் செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்தாலும், நடுவில் பட்ட அடிக்கு அந்த ஒன்றரை மடங்கைத் தாண்ட முடியாது.

நிறுவனங்கள் ஏற்கெனவே அந்த வரம்பின் விளிம்பில்தான் நிற்கின்றன என்பதற்குப் பகிரங்கமான சாட்சியே இருக்கிறது. 2019இல் ராயல் போர்ட்ரஷில் நடந்த ஓபன் போட்டிக்கு முன்பு அமெரிக்க ஆட்டக்காரர் ஸேண்டர் ஷாஃப்லேயின் டிரைவர் இந்தச் சோதனையில் தோற்றது. அவர் ஏமாற்றவில்லை. அடிகள் வாங்க வாங்கத் தகடு தளர்ந்து துள்ளல் கூடி, கோட்டைத் தாண்டுவது உண்டு. அடித்து அடித்துப் பழகினாலே தாண்டும் அளவுக்குக் கோட்டை ஒட்டி மட்டை செய்கிறார்கள் என்றால், புது மாடலில் கூட்டுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

இடம் இருந்த மட்டைகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் டெய்லர்மேட் நிறுவனம் ராக்கெட்பால்ஸ் என்ற ஃபேர்வே மட்டைக்கு (புல்தரையில் கிடக்கும் பந்தைத் தூரமாக அடிப்பது) 17 கெஜம் கூடுதல் என்று விளம்பரம் செய்தது. ஃபேர்வே மட்டைகளின் சின்னத் தலைகள் அப்போது துள்ளல் வரம்பை எட்டியிருக்கவில்லை. அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டித் தகட்டை இளக்கியபோது நிஜமாகவே கொஞ்சம் கிடைத்தது. 17 எல்லோருக்கும் கிடைத்ததா என்பது வேறு விஷயம். எந்த மட்டையைப் பற்றிய பேச்சு என்று பார்க்காமல் எல்லா விளம்பரத்தையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

அப்படியானால் புது டிரைவரில் எந்த லாபமும் இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நடுவில் பட்ட அடியில் இல்லை, தவறிப் பட்ட அடியில் இருக்கிறது. கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது நீளமான மூங்கிலைக் குறுக்கே பிடித்திருப்பார். எடை இரண்டு கோடியிலும் தள்ளி இருப்பதால் சட்டென்று திரும்பாது, விழுவதற்குள் சமாளிக்க நேரம் கிடைக்கும். மட்டைத் தலையிலும் எடையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை கையில் முறுக்கிக்கொள்ளாது. வேகம் அதிகம் போகாது. திசையும் ஓரளவு நிற்கும். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் ஸோல்ஹைம் 1959இல் செய்த பட்டரிலேயே (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) இந்த யோசனை இருந்தது. கோல்ஃப் கருவியில் சாதாரண ஆட்டக்காரனுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நல்ல விஷயத்தையும் விளம்பரத்துக்காக ஊதிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். 2024இல் பிங்கும் டெய்லர்மேட்டும் ‘10கே’ என்று சொல்லி டிரைவர்களை விற்றன. முறுக்கத்தை எதிர்க்கும் திறன் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். விதிப்படி வரம்போ 5,900. சலுகை சேர்த்தால் 6,000. பிறகு பத்தாயிரம் எப்படி? விதி அளப்பது தலை இடவலமாகத் திரும்புவதை மட்டும். மேல்கீழாகச் சாய்வதற்கு ஓர் எண் உண்டு. அதையும் இதோடு கூட்டினால் பத்தாயிரம். கூட்டல் சரிதான், மட்டையும் நல்ல மட்டைதான். ஆனால் கடையில் நிற்கிறவன் பழைய மாடலின் ஐயாயிரத்துச் சொச்சத்தையும் இந்தப் பத்தாயிரத்தையும் ஒப்பிட்டு இரட்டிப்பு என்று நினைப்பான். ஒற்றைத் தட்டு எடையையும் இரட்டைத் தட்டு எடையையும் பக்கத்தில் வைக்கிற வேலை இது.

டிரைவரைவிட எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது அயர்ன் மட்டைகளில்தான். இவற்றுக்கு நம்பர் உண்டு; நம்பர் குறையக் குறைய முகத்தின் சாய்வு குறைந்து பந்து தூரமாகப் போகும். அதை நானே பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு கொச்சியில் ஒரு கடையில் புது அயர்ன் செட் வாங்கினேன். “சேட்டா, உங்க 7ஆம் நம்பர் இனி 15 கெஜம் கூடப் போகும்” என்றார் விற்பனையாளர். போனதும் உண்மை. மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தேன். ஒருநாள் மழையில் வெளியே போக முடியாமல், வீட்டுச் சிமென்டுத் தரையில் பழைய 7ஐயும் புது 7ஐயும் அடிப்பாகம் தரையில் படிய நிற்கவைத்துப் பார்த்தேன். பழையதன் முகம் கூரைச் சரிவு மாதிரி வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. புதியது ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் பழைய 5ஐ எடுத்து வைத்தேன். புது 7ம் பழைய 5ம் ஒரே சாய்வு. செல்போனில் கோணம் பார்க்கும் செயலியை வைத்து அளந்தேன்: பழைய 7 சுமார் 35 டிகிரி, புது 7 சுமார் 28, பழைய 5ம் 28. தண்டும் புதியதில் அரை அங்குலம் நீளம்.

எனக்கு 7ஆம் நம்பர் என்று விற்றது நான் பதினைந்து வருடமாக வைத்திருந்த 5ஆம் நம்பர். எண்ணை மாற்றி அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இது ஒரு நிறுவனத்தின் வேலை இல்லை. தொழில் முழுக்க நாற்பது வருடமாக இப்படித்தான் நகர்ந்து வந்திருக்கிறது. 1980களில் 7ஆம் நம்பர் என்றால் 35, 36 டிகிரி. இன்று தூரத்தை முன்வைத்து விற்கப்படும் செட்டுகளில் 27, 28 சாதாரணம். எந்த எண்ணுக்கு எந்தக் கோணம் என்று விதி எதுவும் கிடையாது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: புது அயர்ன்களில் எடை கீழே இறங்கியிருப்பதால் சாய்வு குறைந்தாலும் பந்து உயரமாகவே எழும்புகிறது. பழைய 5ஐ அடிக்கத் தடுமாறியவர்களுக்குப் புது 7 கைகொடுக்கிறது. அந்தப் பொறியியலை மதிக்கிறேன். ஆனால் செட்டின் கடைசியில் என்ன நடக்கிறது பாருங்கள். குறுந்தூர அடிக்கான பிட்சிங் வெட்ஜும் அதே கணக்கில் 43 டிகிரிக்கு இறங்கிவிட்டது. மணல் குழிக்கான வெட்ஜ் பழையபடி 55, 56லேயே நிற்கிறது. நடுவில் பெரிய ஓட்டை. அதை அடைக்க ‘கேப் வெட்ஜ்’ என்று இன்னொரு மட்டையைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள். பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதிக்குள், எண்ணை மாற்றி உண்டாக்கிய ஓட்டையை அடைக்க ஓர் இடமும் போய், சில ஆயிரம் ரூபாயும் போகிறது. குழியைச் சுற்றிய கிரீன் புல்தரையில் இறங்கும் பந்துக்கு 15 கெஜம் கூடுதலாகப் போவது பெருமையே இல்லை. 140 கெஜத்துக்கு எந்த மட்டை என்று தெரிந்தால் போதும்.

‘எங்கே அளந்தார்கள்’ என்ற கேள்விக்கு மூணாறே நல்ல உதாரணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிது, பந்தை இழுத்துப் பிடிக்கும் தடை குறைவு. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 1.2 சதவீதம் தூரம் கூடும் என்பது கோல்ஃபில் புழங்கும் கணக்கு. கொச்சியில் 220 கெஜம் அடிப்பவன் அதே மட்டையோடு மலையேறி வந்தால், வெப்பநிலை ஒன்றாக இருந்தால், சுமார் 13 கெஜம் கூடுதலாக அடிப்பான். எங்கள் ஊர்க் குளிர் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி கையில் நிற்கும். விளம்பரம் கேட்ட ஐம்பதாயிரத்துக்குக் கிடைக்கிற லாபத்தில் பெரும்பகுதி, ஆலுவாயிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறினாலே கிடைக்கிறது. திரும்பி இறங்கும்போது ஆலுவாய் போய்ச் சேர்வதற்குள் கரைந்தும் விடுகிறது. அப்புறம் காற்று, ஈரம், தரையின் கெட்டித்தனம், சோதனைக்கு எடுத்த பந்து. ஒவ்வொன்றும் நாலைந்து கெஜத்தை இங்கும் அங்கும் தள்ளும்.

யார் அடித்தார் என்பது அதைவிடப் பெரிய விஷயம். நிறுவனங்கள் சோதனைக்கு இயந்திரத்தையும் பயன்படுத்துகின்றன. அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் பைரன் நெல்சனின் வீச்சைப் பார்த்து உருவாக்கி, ‘அயர்ன் பைரன்’ என்று பெயரிட்ட இயந்திரம் இதில் பிரபலம். இயந்திரம் ஒவ்வொரு தடவையும் அதே புள்ளியில் அடிக்கும். நம் கை அடிக்காது. டிரைவர் தண்டை நீட்டினால் இயந்திரத்துக்குத் தூரம் கூடும், மனிதனுக்கு நடு தவறும். டைகர் உட்ஸ் தன் உச்ச நாட்களில் 43.5 அங்குல இரும்புத் தண்டோடுதான் ஆடினார். இன்று கடையில் அடுக்கியிருக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலம். தண்டின் மேல் ‘ஆர்’, ‘எஸ்’ என்று வளைவைக் குறிக்கிறார்களே, அதற்கும் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘ஆர்’ இன்னொரு நிறுவனத்தின் ‘எஸ்’ மாதிரி விறைப்பாக இருக்கலாம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்துக் குறிப்பில் மறுக்கக் கூடாது என்கின்றன. மீறினால் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50 லட்சம் வரை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் ‘வரை’ என்ற சொல் இருக்கிற வாக்கியத்தைப் பொய் என்று நிரூபிப்பது சுலபமில்லை. எந்தப் பந்து, எந்த வேகம், எத்தனை பேர், எந்த மாடலோடு ஒப்பீடு என்ற நான்கையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டாக வேண்டும் என்று விதி வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

மறுநாள் சாயங்காலம் நண்பர் எங்கள் இருவரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அக்கா மகனின் பழைய டிரைவர் முகத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன முகப் பவுடரை லேசாகத் தூவினேன். பந்து பட்ட இடத்தில் வட்டமாகப் பவுடர் அழியும். பத்துப் பந்து அடித்தான். ஒவ்வொன்றுக்கும் துடைத்து, மறுபடி தூவி, பட்ட இடத்தைத் தாளில் புள்ளி வைத்தோம். ஏழு புள்ளி தண்டுப் பக்கத்து ஓரத்தில், நடுவிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி. அந்த விலகல் ஒன்றிலேயே பத்து கெஜத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

“கையை ஒரு அங்குலம் இறக்கிப் பிடிடா” என்றேன். அடுத்த பத்தில் ஆறு புள்ளி நடுவைச் சுற்றி விழுந்தது. நண்பரின் புது மாடல் டிரைவரிலும் பத்து அடித்தான். அதிலும் புள்ளிகள் ஓரத்துக்குத்தான் போயின; ஆனால் ஓரத்தில் பட்ட பந்துகள் பழையதைவிட நேராகப் போனதை மூன்று பேருமே பார்த்தோம்.

கொச்சிக்குப் பஸ் ஏறும்போது அந்த விளம்பரத்தை அவன் அழிக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் அடுத்த மாடல் வந்ததும் இதன் விலை இறங்கும், அப்போது பார்க்கலாம் என்றான். அதற்குள் தண்டை ஒரு அங்குலம் வெட்டித் தரும் ஆள் எர்ணாகுளத்தில் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். புள்ளி வைத்த தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறான்.